குருவிக் கழுத்து நிறத்தில் ஒரு துணி

"இது என்ன துணி மாஸ்டர்? மினுக்குச் சில்லு வச்ச சீக்குவின் வேலையா?"

"துணி இல்ல ஜெனி. குருவி."

"குருவியா? குருவி எங்க?"

"கழுத்தை மட்டும்தான் எடுத்தேன். அவ்வளவு கிட்டப் போக விட்டுச்சு."

"கண்ணையும் காணோம், மூக்கையும் காணோம். நல்லா ஏமாத்துறீங்க."

"இரு, முழுசா அனுப்புறேன். அம்மாவுக்கும் காட்டு."

அந்தப் பேச்சை ஜெனிஸ்டா இன்றைக்கும் வார்த்தை மாறாமல் சொல்லுவாள். இலங்கையில் மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் தன் வீட்டில், அம்மாவின் கட்டிலோரம் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது வந்த அழைப்பு அது. மறுமுனையில் பேசிய றொபின்சன், கனடாவில் வன்கூவர் நகரத்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் பல்கனியில் குளிரில் நின்றுகொண்டிருந்தான்.

சொன்னபடியே முழுப் படமும் வந்து சேர்ந்தது. கட்டைவிரல் அளவு உடம்பு. ஊசி போல நீண்ட அலகு. சிறகு இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு மங்கல். அவ்வளவு வேகமாக அடிக்கிறதாம். கழுத்தில் மட்டும் மீன் செதிலைப்போல அடுக்கடுக்காய் இறகு, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு நெருப்பு. ஹம்மிங்பேர்ட் என்று றொபின்சன் கீழே எழுதியிருந்தான். சீனித்தண்ணீர் தொங்கவிட்டால் தேடிவந்து, அந்தரத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போகுமாம். ஜெனிஸ்டா போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோயிருந்த அம்மா, படுக்கையில் கிடந்த அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக, வாயின் இடப்பக்கத்தால் மட்டும் சிரித்தாள்.

மாத்தளை டவுனில் லாபிர் முதலாளியின் புடவைக்கடைக்குப் போனவர்களுக்கு ஜெனிஸ்டாவைத் தெரியாமல் இருக்காது. கவுண்டரில் நின்று துணி ரோலைத் தட்டிப் பிரித்தாளென்றால், வாங்க வராதவர்களும் நின்று பார்ப்பார்கள். அதே கடையின் பின்னறையில் தையல் மெஷினோடு குடியிருந்தவன் றொபின்சன். அளவு பிளவுஸ் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும், ஆளைப் பார்க்காமலே அச்சாகத் தைத்துக் கொடுப்பான். ஆகையால் முதலாளி முதற்கொண்டு எல்லாருக்கும் அவன் மாஸ்டர். ஜெனிஸ்டாவுக்கும் மாஸ்டர்தான், மற்றவர்கள் கூப்பிடுவதைவிடக் கொஞ்சம் மெதுவாக. அது ஏன் மெதுவாக என்று கடையில் எல்லாருக்கும் தெரியும்; அவர்கள் இருவரும் மட்டும் தெரியாததுபோல் இருந்தார்கள்.

பிறகு அந்த நெருக்கடி வருஷம் வந்தது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பாதிநாள் கரண்ட் இல்லை. சோற்றுக்கே திண்டாடுகிற சனம் பிளவுஸ் தைக்கவா வரும்? றொபின்சனின் மெஷின் தூசி படியத் தொடங்கிய நேரத்தில், மைத்துனன் ஒருவன் வழியாகக் கனடா வேலை வந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் துணிகளைத் துவைத்து, கிழிந்ததைத் தைத்துக் கொடுக்கிற வேலை. அவன் புறப்பட்ட அன்று, போகவேண்டாம் என்று கேட்க ஜெனிஸ்டாவுக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஊரே பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும்போது, கைக்கு வந்த விசாவைக் கீழே போடு என்று எந்த வாயால் கேட்பது? பத்திரமாகப் போய்வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவன் போய்ச் சில மாதத்தில் அம்மா விழுந்தாள். அதற்குப்பிறகுதான் அந்தக் குருவிகள் வரத்தொடங்கின.

அங்கே அவனுக்கு வேலை முடிகிற நேரம் இங்கே விடியல். ஜெனிஸ்டா அம்மாவைத் துடைத்து, உடுப்பு மாற்றி, தலை வாரிவிட்டபின் இரண்டு பேருமாகப் படத்தைப் பார்ப்பார்கள். அம்மாவுக்குக் கண் மங்கல். அதனால் ஜெனிஸ்டா சொல்லிக்காட்ட வேண்டும். அவளுக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான், துணியின் பாஷை. "முதுகு கிளிப்பச்சைம்மா. வயிறு சாம்பல். கழுத்து கறுப்புப் பாவு நூல்ல வாடாமல்லி ஊடு நூல் குடுத்த மாதிரி. சாய்ச்சுப் பார்த்தா ஒரு நிறம், நேர பார்த்தா ஒரு நிறம்." கோடையில் வேறொரு சாதி வரும், உடம்பெல்லாம் செப்புக்குடத்தைப் புளிபோட்டு விளக்கிய நிறம். அம்மா இடக்கையைத் தூக்கி, அந்தச் செப்பு நிறத்தில் தனக்கு ஒரு சாரி எடுக்கும்படி சைகை காட்டுவாள். அன்றைய பொழுது சிரிப்போடு ஆரம்பமாகும். அப்படிச் சிரிப்போடு ஆரம்பமான காலைகள் அம்மாவின் கடைசிக் காலம் முழுக்க இருந்தன.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாளும் ஒரு படம் வந்தது. மழையில் நனைந்த கம்பியில், இறகைப் பந்தாக உப்பவைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்த ஒரு குருவி. கீழே ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன ஆறுதலெல்லாம் சேர்ந்து செய்யாததை அந்தப் படம் செய்தது. தேவாலயத்தில் முழந்தாளிட்டபோது அம்மாவுக்காக ஒரு மன்றாட்டும் அந்தக் குருவிக்காக ஒரு நன்றியும் சொன்னாள். அதை அனுப்பியவனுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. இவ்வளவு கொடுத்தவனிடம் இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லையா? நன்றி சொல்லிச் சொல்லியே பழகிய வாய்க்குக் கேட்கத் தெரியவில்லை.

இந்த வருஷம் றொபின்சன் லீவில் வந்திருந்தான். மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் தங்கை டொறீன் வீட்டில் தங்கிக்கொண்டு, பஸ் ஏறி டவுனுக்கு வருவான். பொத்தான் வாங்க, நூல் வாங்க, சும்மா இந்தப் பக்கம் வந்ததாக, என்று ஏதாவது ஒரு சாக்கு. சனிக்கிழமை விமானம். போனதும் மைத்துனனோடு சேர்ந்து அங்கே ஒரு சின்ன வீடு வாங்கக் கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது, அதற்குப்பிறகு கடன் கட்டி முடியும்வரை இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று ஒருநாள் அவளிடம் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் நல்லதென்று சொல்லி, மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

இந்த நிலைமையில்தான், கடைப் பெண்கள் அக்கா என்ற முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஸஜீதா வந்து சேர்ந்தாள்.

ஸஜீதாவின் மகள் நிப்லாவுக்கு அடுத்த மாதம் வலீமா, கலியாண விருந்து. திங்கட்கிழமை கடை திறந்ததும் வந்து உட்கார்ந்தவள், மத்தியானம்வரை ஒன்றும் பிடிக்காமல் உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் ரோல்கள் மலையாய்க் குவிந்துவிட்டன. மேல்தட்டில் இருந்த ஒன்றை எடுக்க ஜெனிஸ்டா ஏணியில் ஏறினாள். ஏறும்போது போனைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டாள். அதுவரை அனுப்பாமல் வைத்திருந்த படங்களையெல்லாம் றொபின்சன் அன்று காலைதான் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தான். அவள் ஆசையாய்ப் பெரிதாக்கி வைத்திருந்த ஒரு கழுத்து, கண்ணும் அலகும் இல்லாமல், திரையை நிறைத்துக்கொண்டு தகதகத்தது.

"இவ்வளவு நேரம் இதைக் காட்டாம ஏன் தங்கச்சி ஒளிச்சு வச்சீங்க?" என்று கீழே இருந்து ஸஜீதா கேட்டாள். போன் அவள் கையில் இருந்தது.

லாபிர் முதலாளியின் கடையில் ஒரு சட்டம் உண்டு. கவுண்டரில் நிற்பவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. வேறொன்றைப் பிரித்துக் காட்டலாம், 'வரும்' என்று சொல்லலாம். கடையில் சேர்ந்த நாளிலிருந்து அது ஜெனிஸ்டாவின் எலும்புவரை இறங்கியிருந்தது. அதனால் மூளை யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது.

"அது... வரும் ராத்தா."

அவ்வளவுதான். காசு மேசையிலிருந்து எழும்பி வந்த முதலாளி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். விரலால் தடவிக்கூடப் பார்த்தார். இது இந்தியச் சரக்கு, சூரத் பக்கத்து வேலை என்று தீர்ப்பும் சொன்னார். வியாழக்கிழமை வந்து பாருங்கள், இன்ஷா அல்லாஹ் எடுத்து வைக்கிறேன் என்று ஸஜீதாவை அனுப்பிவிட்டு, படத்தைக் கொழும்புப் புறக்கோட்டை வியாபாரிகள் எல்லாருக்கும் தட்டிவிட்டார். ஜெனிஸ்டா இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் அவர் போனில் இருந்தார்.

புறக்கோட்டையிலும் அதே சட்டம்தான் போலிருக்கிறது. போன மாதம் வந்தது, முடிந்துவிட்டது, திரும்ப வரும் என்றார் ஒருவர். டுபாயிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எத்தனை ரோல் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஜெனிஸ்டா உண்மையைச் சொன்னாள். முதலாளி நம்பவில்லை.

"மூணு பேர் இருக்குங்கிறான். நீ குருவிங்கிற."

"குருவிதான் முதலாளி. மாஸ்டர் எடுத்த படம்."

"குருவிக்கு இப்படி சீக்குவின் வச்சுத் தைச்சுக் குடுத்தது யாரு, உங்க மாஸ்டரா?"

"ஆண்டவர்தான் முதலாளி."

லாபிர் போனை வாங்கி, படத்தைச் சின்னதாக்கினார். அலகு வந்தது, கண் வந்தது, புகைபோன்ற சிறகும் வந்தது. வெகுநேரம் பார்த்தார். சுப்ஹானல்லாஹ் என்று, படைத்தவனைப் புகழ்ந்து, மெதுவாகச் சொன்னார். பிறகு முதலாளியாக மாறி, ஸஜீதாவிடம் நீயே சொல்லிக்கொள், என் வாயால் இல்லை என்று சொல்லமாட்டேன் என்று கையைக் கழுவிவிட்டார்.

வியாழக்கிழமை தாயும் மகளும் வந்தபோது றொபின்சனும் கடையில் இருந்தான். முதலாளியிடம் பயணம் சொல்லிக்கொள்ள வந்திருந்தான். ஜெனிஸ்டா கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தண்ணீரில் குதிப்பவள்போலச் சொல்லி முடித்தாள்.

"ஒரு குருவிட கழுத்தையா எங்க புள்ளைக்கு உடுத்தப் பார்த்தீங்க?" என்றாள் ஸஜீதா. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. சிரிப்புத் தாங்காமல் கவுண்டரில் சாய்ந்து, முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்தாள். நிப்லாவுக்கும் தொற்றிக்கொண்டது. முதலாளி மட்டும், குருவி விஷயம் தனக்கு முதலே சந்தேகம்தான் என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் ஸஜீதா மற்றப் படங்களையும் காட்டச் சொன்னாள். பாவாடைத் துணி எடுக்க வந்த இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். நாக்கை நூலாக நீட்டி, விழப்போகும் ஒரு சொட்டைத் தொடுகிற குருவி. முழுக் கறுப்பாய்த் தெரிகிற கழுத்தோடு ஒன்று. அடுத்த படத்தில் அதே குருவி தலையைத் திருப்ப, அந்தக் கறுப்பு அப்படியே பற்றி எரிந்தது. குருவியின் கண்ணுக்குள் பல்கனிக் கம்பியும், கம்பிக்குப் பின்னால் போன் பிடித்த ஓர் ஆளும் பொட்டாய்த் தெரிகிற படம் ஒன்றும் இருந்தது. அந்தப் படத்தை ஸஜீதா நிறையநேரம் பார்த்தாள்.

இதெல்லாம் எப்படி எடுத்தது என்று நிப்லா கேட்டாள். றொபின்சனுக்குக் கூச்சம். பெரிய வித்தை ஒன்றுமில்லை, அசையாமல் நிற்கவேண்டும் என்றான். குளிரில் கை விறைத்தாலும் நிற்கவேண்டும். சீனித்தண்ணீர்க் குப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றால், சில நாளில் அதுக்கு ஆள் பழகிவிடும், முகத்துக்கு நேரேகூட வந்து நிற்கும். எதற்கு இவ்வளவு பாடு என்று ஸஜீதா கேட்டபோது, இங்கே ஒருவர் பார்த்துச் சிரிப்பதற்கு என்றான்.

"அப்ப எங்களுக்கு அதேதான் வேணும்," என்றாள் ஸஜீதா. "குருவியோ கொக்கோ, புள்ளைக்குப் புடிச்சுட்டுது. லாபிர் நானா, எடுத்து வைக்கிறேன்னு சொன்னீங்கதானே?"

முதலாளி கூரையைப் பார்த்தார். றொபின்சன்தான் மெல்ல ஒரு ரோலை இழுத்தான். கறுப்புப் பட்டு. இன்னொரு அடுக்கிலிருந்து கண்ணாடிபோன்ற மெல்லிய துணி, வாடாமல்லியும் செம்பும் மாறிமாறித் தெரிவது. அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, நகத்தளவு செதில்களாக வெட்டி, கறுப்பின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். யாரும் சொல்லாமலே ஜெனிஸ்டா அதை ஒரு தட்டில் ஏந்தி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தாள். கறுப்பு நெருப்பானது. நிப்லா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கழுத்திலும் மார்பிலும் மட்டும் இப்படி வைக்கலாம், கையால்தான் தைக்கவேண்டும், ஒரு மாத வேலை என்றான் றொபின்சன். சொன்ன பிறகுதான் அவனுக்கே நினைவு வந்தது.

"ஆனா நான் சனிக்கிழமை போறேன்."

"அந்தக் குளிர்ல குருவிக்காக அசையாம நிக்கத் தெரியுது," என்றாள் ஸஜீதா. "நம்ம ஊர்ல நிக்கத் தெரியாதா தம்பி?"

அவன் சிரித்துச் சமாளித்து, பழைய மெஷினைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்னறைக்குப் போனான். தாயும் மகளும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி ஜெனிஸ்டாவைப் பார்த்தார்.

"போய்க் கேளு மகள். டிக்கட்டை ஒரு மாசம் தள்ளிப்போடச் சொல்லு. நான் கேட்டா இப்படித்தான் சிரிச்சுட்டுப் போயிருவான்."

பின்னறையில் றொபின்சன் மெஷினின் உறையைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் இன்னும் காயவில்லை. ஒவ்வொரு மாதமும் யார் எண்ணெய் விட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை. கதவருகே நின்றவளைப் பார்த்தான், அதுவே போதும்.

"ஸஜீதா ராத்தா கேக்குறாங்க," என்றாள் அவள். "வலீமா முடியிற வரைக்கும் டிக்கட்டைத் தள்ளிப்போட முடியுமான்னு. நிப்லாவுக்கு ரொம்ப ஆசையா இருக்கு."

"சரி, ராத்தா கேக்குறாங்க. நிப்லாவுக்கு ஆசை. முதலாளியும் கேட்டிருப்பார்."

"ஆமா."

"எத்தனை பேருக்காக நீ இந்தக் கதவுல வந்து நின்னிருப்ப ஜெனி. கை நீளத்தைக் கூட்டுங்க மாஸ்டர், அவங்களுக்கு நாளைக்கே வேணுமாம் மாஸ்டர். உனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்ல."

"எனக்கு நீங்க குடுத்ததே போதும்," என்றாள். "எங்கம்மா கடைசிவரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு மேல நான் என்னன்னு கேக்குறது?"

"அது நானா குடுத்தது. நீ கேட்டுக் குடுத்ததில்லயே."

கடையில் ஸஜீதா யாருக்கோ போன் எடுத்து, குருவிக் கதையை முதலிலிருந்து சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஜெனிஸ்டா கையில் இன்னும் அந்தக் கறுப்புத் துணித் தட்டு இருந்தது. அதை மெஷின்மேல் வைத்தாள். வைத்ததும் கை இரண்டும் வெறுமையாகிவிட்டன. மடிக்கவோ பிரிக்கவோ காட்டவோ ஒன்றும் இல்லை. அம்மா இடக்கையைத் தூக்கி, வெட்கமே இல்லாமல், அந்தச் செப்பு நிறத்தில் சாரி கேட்டது நினைவுக்கு வந்தது. கேட்டபோது அம்மாவின் முகம் எவ்வளவு அழகாக இருந்தது.

தலையை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தாள்.

"போகாதீங்க மாஸ்டர். உடுப்புத் தைக்கிறதுக்காகச் சொல்லல, ஒரு மாசத்துக்காகவும் சொல்லல. எனக்காகக் கேக்குறேன். இங்கேயே, என்கூடவே இருந்துடுங்க."